ஆடி இருபத்தேழு

டயரை உதைக்காதீங்க. உதைத்தால் டயருக்கும் ஒன்றும் ஆகாது, உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. நானும் நாலு டயரையும் உதைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். இப்படி நிழலுக்கு வாங்க, கட்டிலில் உட்காருங்க. தாராபுரத்திலிருந்து பைக்கிலேயேவா வந்தீங்க? கூட ஒருத்தரும் வரலையா? வீட்டம்மாவைக் கூட்டி வந்திருக்கலாம். சரி, அதைப் பிறகு சொல்கிறேன்.

விலையை இப்போது எடுக்க வேண்டாம். விலை எங்கேயும் ஓடிப்போகாது. அதுவுமில்லாமல் நானே விலையை முடித்தாலும் வண்டி உங்களுக்கு வந்துவிடாது. ஆர்.சி. என் வீட்டுக்காரி பேரில் இருக்கிறது. துளசிமணி. கையெழுத்து அவள்தான் போட வேண்டும். அவள் இந்த வீட்டில் இல்லை. அந்த மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பச்சைக் கதவு தெரிகிறதல்லவா, அங்கே இருக்கிறாள். பத்து மாசமாகிறது. என்னோடு ஒரு வார்த்தை இல்லை. காலையில் சோற்றோடு ஒரு தூக்குப்போசி சுவர்மேல் இருக்கும், சாயந்திரம் ஒரு தூக்குப்போசி இருக்கும். கழுவி அதே இடத்தில் வைத்துவிடுவேன். அவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

வண்டி பார்க்க வருகிறவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பாள். பதில் சரியாக இருந்தால் பேனாவை எடுப்பாள். உங்களுக்கு முன்னால் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வெறுங்கையோடு போய்விட்டார்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. எனக்குப் பொறுமை கிடையாது, நீங்களாவது வைத்துக்கொள்ளுங்க.

என் பேர் சென்னியப்பன். முப்பத்தைந்து வருசம் மாட்டுத் தரகு. எந்தச் சந்தையில் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு சரி. மிச்சத்தைச் சந்தையில் ஏமாந்து ஏமாந்து படித்தேன். பதினாலு வயசில், பல் தேய்ந்த கிழ மாட்டை நாலு பல் காளை என்று என் தலையில் கட்டினார்கள். வீட்டுக்கு ஓட்டி வந்ததும் அம்மா அதன் வாயைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒருத்தனும் என் தலையில் எதையும் கட்டவில்லை. அந்தக் கார்க்கடைக்காரன் வரைக்கும்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் பேச மாட்டோம். துண்டைக் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. விலை இறங்க இறங்க விற்கிறவன் கை வேர்க்கும். அடிவிலைக்குக் கீழே போனால் கை நழுவும். அங்கே நிறுத்தினால் நமக்கு ஜெயம். நான் கையைப் பிடித்தே ஆள் மனசைப் படித்துவிடுவேன்.

இன்னொன்று. நான் பிடித்துக் கொடுத்த மாடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வந்ததில்லை என்றால், கொண்டு வந்தார்கள், நான் வாங்கவில்லை. ஒரு தடவை ஒரு பொம்பளை, பால் இறங்கவில்லை என்று மாட்டையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு பதினைந்து கிலோமீட்டர் நடந்தே வந்தாள். சந்தை கூடியிருந்த நேரம். "கறக்கத் தெரியாத கைக்கு எந்த மாடு ஆயா கறக்கும்?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். அவ்வளவுதான் வேலை. திருப்ப வந்தவரை நாலு பேர் நடுவில் கூச வைத்தால் போதும், வாயே திறக்க மாட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சும்மா, தொழில் எப்படி என்று சொன்னேன்.

காருக்கு வருகிறேன்.

அந்தப் பச்சைக் கதவு வீடு என் மச்சினன் நாச்சிமுத்துவுடையது. துளசிமணிக்கு ஒரே தம்பி. கல்யாணம் செய்து சரிப்படாமல் ஒண்டியாக இருந்தான். இருபது வருசம் பஞ்சாலையில் வேன் ஓட்டினான். ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஸ்டென்ட் வைத்தார்கள். மில்லில் இனிமேல் வண்டி தொடாதே என்று சொல்லிவிட்டார்கள். மாசத்துக்கு ஒரு தடவை கோயமுத்தூருக்குக் காட்டப் போக வேண்டும். பஸ்ஸில் போய்வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டான்.

துளசிமணி கேட்டாள், "ஏனுங்க, ஒரு பழைய காரு பாத்தா என்னங்க? நான் ஓட்டிப் பழகிக்கறேன்."

ஐம்பத்திமூன்று வயசு அவளுக்கு. அதுவரை டிவிஎஸ் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். தம்பி பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, கிளச்ச மிதிக்காத, கேளு, வண்டி என்ன கேக்குதுன்னு கேளு" என்பானாம். ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். எனக்கு ஓட்ட வராது. கயிறு பிடித்த கைக்கு ஸ்டியரிங் பிடிபடவில்லை.

ஆடி மாசம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆடியில் எவன் வண்டி எடுப்பான்? கடைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டிருப்பான். அப்போது போனால் நாம் சொல்வதுதான் விலை. இந்த யோசனை எனக்கு வந்ததே தவிர வேறு யாருக்கும் வரவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த விலைக்கு அந்த வண்டியை வேறு யாராலும் எடுத்திருக்க முடியாது.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, நானும் வரட்டுமா? மில்லு மெக்கானிக்கு ஒருத்தர் இருக்கார், அவரையும் ஏத்திக்கலாம்."

"மாட்டப் பாக்க டாக்டரக் கூட்டிட்டுப் போறவன் யாவாரியா மாப்ள?" என்றேன்.

சிரித்தான். நல்ல பையன். என்ன சொன்னாலும் சிரிப்பான்.

கோயமுத்தூரில் கடை. பேர் வேண்டாம். பளபளவென்று கண்ணாடிக் கடை. திலீபன் என்று ஒருத்தன், கழுத்தில் அட்டை மாட்டியிருந்தான். சுவரில் பெரிய போர்டு: வாங்கும் முன் உங்கள் மெக்கானிக்கை அழைத்து வரலாம், இன்சூரன்சில் பழைய கிளெய்ம் உண்டா என்று கேட்டுக்கொள்ளலாம், சர்வீஸ் செய்த இடத்தில் விசாரிக்கலாம். கீழே, ஏழு நாளுக்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்று.

"அந்தப் போர்டுல இருக்கறதெல்லாம் எனக்கு வேண்டாம். அதுக்குண்டானத குறை" என்றேன்.

திலீபன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். துண்டைப் போட்டுக் கையை நீட்டினேன். வாழ்த்துச் சொல்கிறேன் என்று நினைத்துக் குலுக்கினான். சிரிக்காதீங்க. விளக்கிச் சொன்ன பிறகு புரிந்துகொண்டான். விரலைப் பிடித்தேன். இறக்கினேன். இன்னும் இறக்கினேன். அவன் கை குளுகுளு என்று இருந்தது. ஏசிக் கடை, அதனால்தான் வேர்க்கவில்லை என்று நினைத்தேன். கடைசி விலையிலும் அந்தக் கை வேர்க்கவில்லை. என் கைதான் வேர்த்தது.

ஆனாலும் அந்த ஏழு நாள் சீட்டை மட்டும் அவனாகவே எழுதிக் கொடுத்தான். கம்பெனி விதியாம், கொடுக்காமல் இருக்கக் கூடாதாம். ஆடி இருபத்திமூன்று அன்றைக்கு. வாங்கி மடித்து, வீட்டுக்கு வந்து பஞ்சாங்கத்தில் ஆவணி பிறக்கிற பக்கத்தில் வைத்தேன்.

கடை டிரைவர் வண்டியைக் கொண்டு வந்து விட்டுப் போனான். இந்தக் கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினேன். சாவி என் மடியில். ஆடியில் விலை பேசலாம், கொண்டு வந்து கட்டலாம், ஏறி ஓட்டக் கூடாது. ஆவணி ஒன்றாம் தேதி, கோயிலில் பூஜை, எலுமிச்சம்பழம், அப்புறம்தான் சக்கரம் உருள வேண்டும். இதில் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க, நீங்கள் ஆடியில் வண்டி எடுத்து ஓட்டுவீங்களா? மாட்டீங்க. பின்னால் கேஸுக்குப் பார்த்த வக்கீலும் இப்படித்தான் முழித்தார். ஏழு நாளும் ஓட்டிப் பார்க்கிறதுக்குத்தான் கொடுத்தார்கள், நீங்கள் ஏன் ஓட்டவில்லை என்று கேட்டார். ஆடி என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆக, அந்த ஏழு நாள் அப்படியே போய்விட்டது. ஆவணி பிறந்தது. பூஜை போட்டோம். துளசிமணி ஓட்டினாள். இரண்டு மாசம் வண்டி ஓடியது. கோயமுத்தூருக்கு இரண்டு தடவை போய் வந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "அக்கா" என்று ஒரு சத்தம். ஒரே சத்தம்தான். துளசிமணி அடுப்பை அணைக்காமல் ஓடினாள். நாச்சிமுத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, மழையில் இல்லை, வேர்வையில். பின்சீட்டில் படுக்க வைத்தோம். நான் முன்னால் ஏறினேன். பெருந்துறை ஆஸ்பத்திரிக்கு இருபது கிலோமீட்டர். பாதி வந்திருப்போம். முன்னால் இருக்கிற விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது. சிவப்பு, மஞ்சள், எல்லாம். அப்புறம் எல்லாம் அணைந்தது. வண்டி நின்றது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியைக்கூட இறக்க முடியவில்லை.

நான் இறங்கினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மழையில் நின்று அந்தக் கடைக்குப் போன் போட்டேன். திலீபனைக் கூப்பிடு என்றேன். மேனேஜரைக் கூப்பிடு என்றேன். விடவில்லை நான். ஒருத்தனும் என்னை அப்படி ஏமாற்றியதில்லை. மேனேஜர் கடைசியில் என்ன சொன்னான் தெரியுமா? "லேடீஸ் ஓட்டினாங்களா சார்? ஓட்டத் தெரியாம ஓட்டியிருப்பாங்க." எங்கேயோ கேட்ட பேச்சு மாதிரி இருந்தது. எங்கே என்று அப்போது யோசிக்க நேரமில்லை.

திரும்பிப் பார்த்தேன். துளசிமணி ரோட்டு நடுவில் நின்று முந்தானையை வீசிக்கொண்டிருந்தாள். 108-க்கு அவள்தான் போன் போட்டிருக்கிறாள். ஒரு கோழி வண்டி நின்றது. அதற்குள் ஆம்புலன்சும் வந்துவிட்டது. நாச்சிமுத்துவை ஏற்றும்போது என்னைப் பார்த்து, "மாமா, போன வையுங்க" என்றான். அதுதான் கடைசி. பெருந்துறை போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

தண்ணீர் வேண்டுமா? இந்தச் சொம்பில் இருக்கிறது, எடுத்துக்குங்க.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அந்த மில் மெக்கானிக்தான். ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள் கையை விட்டு ஒரு பிடி வண்டல் எடுத்துக் காட்டினார். சீட்டுக்கு அடியில் கம்பியெல்லாம் துரு. "இது வெள்ளத்துல நின்ன வண்டிங்க. வயரெல்லாம் உள்ளயே அரிச்சிருக்கு. எனக்கு அஞ்சு நிமிசம் குடுத்திருந்தீங்கன்னா கடையிலயே சொல்லியிருப்பேன்" என்றார். அப்புறம் விசாரித்தால், இன்சூரன்சில் முழு நஷ்டம் என்று எழுதி ஏலத்தில் தள்ளின வண்டியாம். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வக்கீல் கேட்டார், தெரிந்துவிட்டது. நானும் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் நான் விலை குறைத்து வாங்கியிருந்தேனே.

கேஸ் போடக் கிளம்பினேன். நுகர்வோர் கோர்ட்டில். விடுவேனா?

வக்கீல் நல்ல மாதிரி. "கேஸ் நிக்கும். ஏழு நாள் தாண்டினாலும் நிக்கும். வெள்ளத்துல நின்னத மறைச்சு வித்தது அவங்க தப்பு, அந்தச் சீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேப்பாங்க. அத மட்டும் உள்ளபடி சொல்லுங்க" என்றார்.

"ஐப்பசிலதான் தெரிஞ்சுது. அதுக்கு முன்னால ஒண்ணுமே தெரியாது. அப்படி எழுதுங்க" என்றேன்.

எழுதினார். வண்டி துளசிமணி பேரில் இருப்பதால் மனுதாரர் அவள். அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாலு பக்கம். நானே கொண்டு வந்து கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதோ இந்தக் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். மேற்படி நாச்சிமுத்து அரை மணி நேரம் முன்னதாகக் கொண்டு செல்லப்பட்டிருந்தால் உயிர் பிழைத்திருப்பார் என்று ஒரு வரி. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. கேஸ் பலமாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லி எழுதியது. அதில் விரலை வைத்தாள். அப்புறம் கீழே ஒரு வரி. சம்பவ இடத்திலிருந்தே எதிர்மனுதாரரோடு பதினோரு நிமிடம் தொலைபேசியில் பேசியதற்கு ஆதாரம் உள்ளது என்று. போன் கம்பெனியில் எழுதிக் கொடுத்து, நடையாய் நடந்து வாங்கின ஆதாரம் அது. அதில் விரலை வைத்தாள்.

"இந்தப் பதினோரு நிமிசம் எதுக்குங்க எழுதியிருக்கு?"

"சாட்சிக்கு."

"யாருக்குச் சாட்சிங்க?"

எனக்கு என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை. கடைக்காரனுக்கு எதிராகத்தான் என்றேன். தலையை ஆட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். ஐப்பசி மாதம் வரை வாகனத்தின் குறைபாடு மனுதாரருக்குத் தெரியாது. அதில் விரலை வைத்து ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. பிறகு பேப்பரை மடித்து என் மடியில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்து சுவரோரம் நடந்து அந்தப் பச்சைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நான் சோற்று நேரத்துக்கு வந்துவிடுவாள் என்று இருந்தேன்.

வக்கீல் அப்புறமும் ஆள் அனுப்பினார். உள்ளதை எழுதி ஒரு மனு போட்டால்கூட ஏதாவது கிடைக்கும், அந்தம்மா கையெழுத்துப் போடுவார்கள் என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பெண்டாட்டி சொல்லியும் கேட்காதவன் என்று கோர்ட்டில் எழுதி, அதை நாலு பேர் படித்து... முப்பத்தைந்து வருசத் தரகன் நான். கையெழுத்தில்லாமல் மனு கோர்ட்டுக்கே போகவில்லை. கேஸ் அதோடு நின்றுவிட்டது. கடைக்காரன் இன்றைக்கும் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

என்ன, எதைக் கேட்காதவன் என்று பார்க்கிறீங்களா?

ஆமாம். ஒன்றை விட்டுவிட்டேன். முதல் ஆளிடம் அதை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். ரெண்டாவது ஆளிடமும் அப்படித்தான். ஏழு நாள் போய்விட்டது என்றேனே, அது சும்மா போகவில்லை.

மூன்றாம் நாளே துளசிமணி தார்ப்பாயைத் தூக்கி, பூட்டாத கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சாவி இல்லாமல், சும்மா உட்காரத்தான். என்னிடம் வந்து, "ஏனுங்க, உள்ள சேத்து வாசம் அடிக்குதுங்க. தூர் வாரின கிணத்து வாசம்" என்றாள். புது வண்டிக்குப் பழக்கமில்லாத மூக்கு என்றேன். சாயந்திரம் ஒரு மல்லிகை சென்டு வாங்கி வந்து உள்ளே மாட்டினேன்.

ஐந்தாம் நாள், ஆடி இருபத்தேழு. ஆவணியில் நல்ல நேரம் பார்க்கப் பஞ்சாங்கத்தைத் திறந்திருக்கிறாள். சீட்டு இருந்திருக்கிறது. இருபத்தொன்பதோடு முடிகிறது என்று படித்துவிட்டாள். நேரே கொட்டகைக்குப் போனாள். என்னைக் கூப்பிட்டாள். நாச்சிமுத்து சுவரோரம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். சீட் பெல்ட்டை இழுத்தாள். சாதாரணமாக நாம் இழுக்கிற அளவு இல்லை, கடைசி வரைக்கும், உள்ளே சுருண்டு கிடக்கிறது முழுவதும் வெளியே வருகிற வரைக்கும் இழுத்தாள். மேலே இருக்கிற பெல்ட் கழுவி வெளுத்திருந்தது. உள்ளே கிடந்த முழ நீளத்தில் சேற்றுக் கறை. தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கோடு. குளத்துப் படிக்கட்டில் இருக்குமே, அது மாதிரி.

"தண்ணீல நின்ன வண்டிங்க இது. இன்னும் ரெண்டு நாளு இருக்குதுங்க. குடுத்தரலாம்."

நாச்சிமுத்து வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான். எட்டிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து, நயமாகத்தான் சொன்னான். "மாமா, நான் ஓட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தர்றேன். நீங்க வர வேண்டாம். எனக்குப் புடிக்கலைன்னு நானே சொல்லிக்கறேன். உங்க பேரு கெடாது."

என் பேர் கெடாதாம். எனக்கு அது தாங்கவில்லை. ஆடியில் எடுத்த வண்டியை ஆடியிலேயே திருப்பினால் சந்தையில் எவன் என் துண்டுக்குள் கை வைப்பான்? கத்தினேன். "கறக்கத் தெரியாதவந்தான் மாட்டத் திருப்புவான். வேல போன டிரைவரு, நீ எனக்கு வண்டி பாத்துச் சொல்றியா?" என்றேன்.

அந்த ஒரு தடவைதான் அவன் சிரிக்கவில்லை.

துளசிமணி பெல்ட்டை இன்னும் கையில் பிடித்திருந்தாள். பிடுங்கினேன். பிடுங்கி விட்டுவிட்டேன். அது சுருட்டிக்கொண்டு உள்ளே போகிற வேகத்தில் அந்த இரும்புப் பக்கிள் பறந்து அவள் மேல் லேசாகப் பட்டது. நான் வேண்டுமென்று விடவில்லை. யாரும் வேண்டுமென்று விட மாட்டார்கள். லேசாகத்தான் பட்டது.

நான் கோபத்தில் சந்தைக்குப் போய்விட்டேன். நாச்சிமுத்துதான் அவளை டிவிஎஸ்ஸில் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறான், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. கன்றுக்குட்டி முட்டிவிட்டது என்று டாக்டரிடம் அவள் சொன்னாளாம். நாங்கள் கன்று வளர்த்தே பதினைந்து வருசமாகிறது. அன்றைக்கு எனக்காகப் பொய் சொன்னவள், கோர்ட்டுப் பேப்பரில் ஒரு வரிக்குக் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. படுத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பேன்.

நாச்சிமுத்து அதற்குப் பிறகு அந்த வண்டிக் கதவைத் தொடவில்லை. கோயமுத்தூருக்குப் போகும்போதுகூட அவன் அக்காதான் கதவைத் திறந்துவிடுவாள். ஐப்பசியில் அன்றைக்கு ஏறினான். வேறு வண்டி இல்லை.

இப்போது முதல் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். விலை முடிந்து, கையெழுத்துக்குச் சுவரோரம் போனார். துளசிமணி வந்து நின்றாள். "ஆடி இருபத்தேழச் சொன்னாருங்களா?" என்று கேட்டாள். அவர் முழித்தார். கதவைச் சாத்திக்கொண்டாள். ரெண்டாவது ஆளுக்கும் அதே. மூன்றாவது ஆளிடம் நான் கொஞ்சம் வேலை செய்தேன். தரகன் புத்தி. "கேட்டா சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவரும் போய்ச் சொன்னாரு என்றார். நான் இந்தத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பேனாவை வாங்கிவிட்டாள் என்றுகூட நினைத்தேன். அப்புறம் கேட்டாள்.

"பக்கிளு எங்க பட்டுச்சுன்னு சொன்னாருங்களா?"

அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்?

போதும், எழுந்திருங்க. வண்டிக்குள் உட்காருங்க. டிரைவர் சீட் இல்லை, பக்கத்துச் சீட். பெல்ட்டை இழுங்க. இன்னும். பயப்படாதீங்க, முழுசாக இழுங்க. தெரிகிறதா கோடு? தெரிகிறதல்லவா? இனிமேல் எங்கே வண்டி பார்க்கப் போனாலும் முதலில் இதை இழுத்துப் பாருங்க, ஸ்டெப்னிக் குழிக்குள் கையை விடுங்க, கூடத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போங்க. வீட்டம்மா மூக்கைச் சுளித்தால் நின்று கேளுங்க. இப்போது மெதுவாக விடுங்க. சட்டென்று விடாதீங்க. பக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளே போகிற வரைக்கும் கூடவே கையைக் கொண்டு போங்க. அப்படித்தான்.

வண்டி வேண்டாம் என்கிறீங்க. தெரியும். நானாக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காயலான் கடைக்காரன் வருகிறேன் என்றிருக்கிறான், அவன் எடுத்துக்கொள்ளட்டும். பைக்கை எடுக்கும் முன்னால் ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்க. சுவரோரம் போய் அந்தப் பச்சைக் கதவைத் தட்டுங்க. அவள் கேட்பாள். ஆமாம், சொன்னாரு என்று சொல்லுங்க. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்க, எனக்கும் கேட்கட்டும்.

அப்புறம் அதையும் கேட்பாள். இடது புருவம். மறந்துவிடாதீங்க, இடது. லேசாக இல்லை. மூன்று தையல்.